கைக்குக் கை கொடுக்காத கத்தி

ஓடிக்கொண்டிருந்த பைக்கை விற்று மடக்குக் கத்தி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட் தேயிலைப் பாக்டரியில் அவர் பாக்கிங் சூப்பர்வைசர். நான் அவருக்குக் கீழே சாக்குத் தைக்கிறவன். பெயரைச் சொல்ல மாட்டேன். மலை இறங்கிப் போய்விட்டார் என்றாலும், இதை யாராவது படித்துக் காட்டினால் மனிதர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார்.

எல்லாம் போனில் பார்த்த வீடியோவால் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சிலர், தினமும் சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் கொண்டுபோகிற சாமான்களை ஒரு மர மேசையில் வரிசையாக எடுத்து வைத்துக் காட்டுவார்களாம். ஒரு பேனா, விரல் அளவுக்கு ஒரு டார்ச், ஒரு கத்தி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வீட்டைவிட்டு இறங்க மாட்டார்களாம். இவர் தன் பையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். பஸ் டிக்கெட், திருநீற்றுப் பொட்டலம், ஒரு பட்டன். ஐம்பத்தொரு வயதில் அந்த மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது.

பார்சல் வந்த சனிக்கிழமை என்னையும் டவுனுக்கு அழைத்துப் போனார். டீக்கடை மேசையில் பெட்டியை வைத்தார். அதைச் சுற்றி நாலு சுற்று டேப். நகத்தால் கீறிப் பார்த்தார், பல்லால் இழுத்துப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, ஒன் கத்தி இருக்கா?"

என் கத்தி என்பது இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடின் ஒடிந்த துண்டு. ஒரு முனையைத் தீட்டி, மறு முனையில் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பேன். பாக்கிங்கில் எல்லோரிடமும் இதுதான். பெட்டியை அதுதான் அறுத்தது. உள்ளே கறுப்புப் பஞ்சு மெத்தையில் கத்தி படுத்திருந்தது. மழை விட்ட வானத்தின் நிறத்தில் கைப்பிடி. கட்டைவிரலால் தட்டினால் அலகு தானாகத் திரும்பி வந்து 'டிக்' என்று நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக அவர் அன்று டீயை ஆறவிட்டார்.

திங்கட்கிழமை பாக்டரியில் பிரசங்கம் நடந்தது. கைப்பிடிதான் டைட்டானியம், அலகு பவுடரை அழுத்திச் செய்த விசேஷ எஃகு, துரு பிடிக்காது, முனை மழுங்காது.

"பவுடர்னா எந்த கிரேடு மாமா? டஸ்ட்டா, அதுக்கும் கீழயா?" என்று கேட்டேன். தேயிலைத் தூளிலேயே காலம் தள்ளுகிறவர்கள் வேறென்ன கேட்போம்? பாக்கிங் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, நாங்கள் பார்த்த பார்வையையே துடைப்பதுபோல் அலகைத் துடைத்தார்.

எங்கள் வேலையே அறுப்பதுதான். காலிச் சாக்குகள் கயிறு போட்ட கட்டுகளாக வரும், அறுக்க வேண்டும். தூள் நிரப்பிச் சாக்கு வாயைத் தைத்ததும் நூலின் வால் ஒரு சாண் தொங்கும், அறுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில், பையில் உலகத்தரமான கத்தியோடு எங்கள் சூப்பர்வைசர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். கேட்டால் ஒரே பதில்.

"சாக்கு நூலுக்கா இத வாங்கினேன்? இதுக்குன்னு ஒரு நாள் வரும், பாத்துக்க."

அந்த நாள் எப்படிப்பட்டது என்று அவர் சொன்னதில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நாளுக்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் கத்திக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். தன் முழங்காலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தைலத்தை அவ்வளவு ஒழுங்காகத் தேய்த்தவரில்லை.

இரவல் கேட்டவர்களை அவர் சமாளித்த விதம் தனி. எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கத்தி, அரிவாள், உப்பு, மிளகாய் இவற்றைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைப்போம், கேட்டவர் எடுத்துக்கொள்வார். புத்தி தெரிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் இது பழக்கம். ஆகவே யாராவது கை நீட்டினால் அவர் பின்னால் நகர்ந்துகொள்வார்.

"கைக்குக் கை குடுக்கக் கூடாதுல்ல? நமக்குள்ள எதுக்குச் சண்டை?"

"அப்ப கீழ வைங்க, எடுத்துக்கிடுதேன்."

"கீழ வச்சா கீறல் விழும்."

அதோடு முடிந்தது. கையிலும் தர முடியாது, தரையிலும் வைக்க முடியாது. ஒருவன் தோளில் கிடந்த துண்டை விரித்து, "இதுல வைங்க மாமா" என்று மடக்கப் பார்த்தான். துண்டில் மண் இருக்கும், மண்ணும் கீறும் என்று சொல்லிவிட்டார். கோர்ட்டில் இருந்திருக்க வேண்டிய ஆள்.

வீட்டிலும் அதே கதை. அவர் மனைவி கொழுந்து எடுக்கிறவர். கைக்கு எத்தனை வேகமோ வாய்க்கும் அத்தனை. ஒருமுறை பெரிய பலாப்பழம் ஒன்று வீட்டுக்கு வந்தது. வெட்டுகத்தியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அந்த அம்மா என்னிடம் சொன்னார்:

"பைக்க வித்தாரா, இப்ப சந்தைக்கு ரெண்டு பேரும் நடக்கோம். அந்தக் கத்தி மேல ஏறிப் போவ முடியுமான்னு ஒங்க மாமாகிட்ட கேளு தம்பி."

"பலாப் பாலு பட்டா பேரிங்குல ஏறிரும்டி," என்றார் இவர், சுவர் ஓரம் நின்றுகொண்டு. "ஒனக்கு அதெல்லாம் தெரியாது."

"எனக்குப் பழம் வெட்டத் தெரியும்."

சுளை தின்ன மட்டும் முதல் ஆளாக உட்கார்ந்தார். கை பிசுபிசுத்திருந்ததால் அன்று மாலை வரை பையைத் தொடவேயில்லை.

குமுளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, வழியில் சோதனைக்காகப் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறிய அதிகாரி இவர் பையில் கத்தியைக் கிளிப்பால் மாட்டியிருந்ததைப் பார்த்து, வெளியே எடுக்கச் சொன்னார். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

"இது எந்தினா?" எதற்கு இது என்று மலையாளத்தில் கேட்டார்.

"திவசமும் கொண்டு நடக்கான் சாரே." தினமும் கூடவே கொண்டுபோகத்தான் என்றார் இவர்.

"கொண்டு நடந்நிட்டு எந்து செய்யும்?" கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி விடவில்லை.

இவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஒண்ணும் செய்யில்ல சாரே" என்றார்.

அதிகாரி அலகை விரித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூன்று வருஷக் கத்தியில் ஒரு தடம்கூட இல்லை. அந்த மலைப்பாதையில் அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருப்பார்கள். இவ்வளவு சுத்தமான சாட்சியோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார், அதுவும் கைக்குக் கை. இவர் ஊர் வந்து சேரும்வரை அந்த அதிகாரியோடு என்ன சண்டை வருமோ என்று கவலைப்பட்டார்.

மேனேஜர் மாற்றலாகிப் போன அன்று கேக் வைத்தார்கள், கத்தி வைக்க மறந்துவிட்டார்கள். அத்தனை கண்ணும் இவர் மேல். இவர் மெல்லப் பின்வாசல் வழியாகப் போய், டீத்தூள் ருசி பார்க்கிற அறையிலிருந்து ஒரு ஸ்பூன் கொண்டுவந்து கொடுத்தார். மேனேஜர் ஸ்பூனால் கேக்கைக் குத்திப் பிளந்துதான் விடைபெற்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கச் சொன்னது. இனிச் சொல்வதைச் சிரிக்காமல் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. நடந்தபோது நான் சிரிக்கவில்லை.

என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை தேவிகுளம் பக்கம் ஹோட்டல் வேலையில் இருந்தான். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மழை நாலு நாளாக விடவில்லை. காலை பத்து மணிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். எஸ்டேட் ஜீப்பைப் பிடித்தோம். பின்னால் தங்கச்சியும் பக்கத்து வீட்டு அத்தையும். அத்தைக்கு லயத்தில் ரெண்டு மூணு பிரசவம் பார்த்த பழக்கம் உண்டு, எல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னால். முன்னால் டிரைவர், நான். பாக்டரி வளைவில் குடை பிடித்து நின்ற எங்கள் சூப்பர்வைசரையும் ஏற்றிக்கொண்டோம். முழங்கால் வலிக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போகக் காத்திருந்தார். பைக் இருந்திருந்தால் அவர் அங்கே நின்றிருக்கவே மாட்டார்.

இரண்டு கிலோமீட்டர் போனதும் ரோட்டில், தேயிலைக்கு நிழலாக வளர்க்கிற ஓக்கு மரம் ஒன்று விழுந்து கிடந்தது. திரும்பவும் வழியில்லை, பின்னால் மண் சரிந்துவிட்டது. டிரைவர் இறங்கி மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். நான் ஆஸ்பத்திரிக்கு போன் அடித்தேன். ஒரு நர்ஸ் எடுத்தார், நான் விஷயம் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதற்குள் அத்தை சத்தம் போட்டார். பிறகு இன்னொரு சத்தம் கேட்டது, சின்னது. பெண் குழந்தை.

தங்கச்சி முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தை அவள் வயிற்றின் மேல் கிடந்து கத்தியது, தொப்புள்கொடியோடு.

"கொடிய அறுக்கணும்டே! என்னத்தையாவது குடுங்க!" என்று அத்தை கத்தினார்.

டிரைவரிடம் ஒரு கத்தி இருந்தது. காலையில் அதில்தான் மரச்சீனிக் கிழங்கு நறுக்கியிருந்தான். என் ஆக்ஸா பிளேடில் துருவும் தேயிலைத் தூளும். அத்தையின் மடியில் பாக்குவெட்டி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் இவரைத் திரும்பிப் பார்த்தோம். இதுவரை எதையும் தொடாத கத்தி மலையிலேயே அது ஒன்றுதான்.

ஜீப்பின் பின்பக்கம் மழையில் நின்றபடி அவர் எடுத்தார். 'டிக்.' அவர் சொன்ன நாள் வந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது.

அத்தை கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

"பொறுங்க."

"என்னத்தப் பொறுக்க? குடுங்கய்யா!"

"கைக்குக் கை குடுக்கக் கூடாது. பெத்த எடத்துல சண்டை ஆகாது."

"அப்ப கீழ வைய்யா!" என்றேன். 'மாமா' எல்லாம் போய்விட்டது. அவர் ஜீப்பின் தரையைப் பார்த்தார். சேறு, டீசல், தண்ணீர், ரத்தம்.

"இதுல எப்படி வைக்க?" என்றார்.

சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்பா வயது மனிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அந்த நேரம் அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பு அதற்கு முன் யார் மேலும் வந்ததில்லை. அவர் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார், யார் மேலும் படாமல். மழையில் அலகு நனைந்துகொண்டிருந்தது. ரெண்டு நிமிஷம் இருக்குமா, மூணா? குழந்தை கத்திக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. அந்த நர்ஸ்தான், அவரே கூப்பிட்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"குஞ்ஞு கரஞ்ஞோ? கரயுன்னுண்டல்லோ, நல்லது. கொடி அறுக்கண்டா! கேட்டோ? ஒண்ணும் அறுக்கண்டா. ஒண்ணும் தொடண்டா. குஞ்ஞினெ அம்மயுடெ நெஞ்சில் வெச்சு, துணி பொதிஞ்ஞு, அங்ஙனெ தன்னெ கொண்டு வா."

எதையும் அறுக்காமல், குழந்தையைத் தாயின் நெஞ்சில் வைத்துத் துணி சுற்றி அப்படியே கொண்டுவரச் சொன்னார். அத்தை தன் சேலை முந்தானையால் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றினார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எல்லோரும் சேர்ந்து தங்கச்சியை மரத்துக்கு மேல் தூக்கிக் கடத்தினோம். இவர் கத்தியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு அவள் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டார். வலிக்கிற முழங்காலோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், அறுக்காமல் கொண்டுவரச் சொன்னது யார் என்று. நாங்கள் இருந்த பதற்றத்தில் கொடியைக் கட்டவும் தெரியாமல், கிடைத்ததை வைத்து அறுத்திருந்தால் குழந்தைக்கு ரத்தம் வடிந்தே போயிருக்குமாம். "நர்ஸ் சொன்னாங்க" என்றேன். "அதுக்கு முன்ன?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சள் துணியால் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் தவிர அதில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு எஸ்டேட்டில் அவர் விவரம் தெரிந்த பெரியமனிதர் ஆகிவிட்டார். முதல் தடவை கதை சொன்னபோது, "என்னமோ மனசுல தோணிச்சு, பொறுங்கன்னேன்" என்றார். மூன்றாவது தடவை சொன்னபோது அது ஏற்கெனவே தெரிந்த விஷயம் ஆகியிருந்தது. ஆறாவது தடவையில் ஒரு மருத்துவ வீடியோவும் வந்து சேர்ந்தது. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. இனி யாராவது கத்தி கேட்டால், "இத குடுக்காததாலதான் ஒரு உசுரு நிக்கி" என்பார். அதற்கு மேல் எவன் வாயைத் திறப்பான்? அன்று சட்டையைப் பிடித்த நானே ஆமாம் போட வேண்டியதாயிற்று.

ஆனால் ஜீப்பில் அவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தவன் நான். அதில் மருத்துவ அறிவு எதுவும் இல்லை. பயம் இருந்தது. குழந்தைக்காகப் பயந்தாரா, கத்திக்காகப் பயந்தாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்கலாம் என்று ரெண்டு தரம் வாயெடுத்து விட்டுவிட்டேன். பிரசவத்துக்கு வந்த தங்கச்சி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள், அவர் தூக்கி வளர்த்த பிள்ளையாகவே அவள் மகள் வளர்ந்தாள். பாக்டரி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும், அதைப் பல்லால்தான் கிழித்துக் கொடுப்பார்.

ஐம்பத்தெட்டு ஆனதும் எஸ்டேட் சட்டப்படி வீட்டைக் காலி செய்ய வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊரில் இரண்டு அறை கட்டியிருந்தார். மினி லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றியாயிற்று. தங்கச்சி பிள்ளையோடு வழியனுப்ப வந்திருந்தாள். பிள்ளைக்கு அப்போது நாலு வயது.

அவர் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் கைவிட்டுக் கத்தியை எடுத்தார். பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார். பிறகு, வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாசல் சிமெண்டுப் படியில் அதை வைத்தார்.

டைட்டானியம் சிமெண்டில் உரசிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் மனைவி கையிலிருந்த குடத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எடுத்துக்க தாயி," என்றார் தங்கச்சியிடம். "பிள்ளைக்கு. பெரிசாயி வச்சுக்கிடட்டும். அவளுக்கும் எனக்கும் எந்தக் காலத்துலயும் சண்டை வரக் கூடாது."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் விட்ட கேள்வி இனித் தேவைப்படவில்லை.

லாரி டிரைவர் மேலேயிருந்து குரல் கொடுத்தான். சாமான்களைச் சுற்றி இழுத்துக் கட்டியதில் நைலான் கயிறு இரண்டு கை விரித்த நீளம் மிச்சம். அறுக்க ஏதாவது வேண்டும் என்றான். என் கை என் பைக்குப் போவதற்குள் தங்கச்சி படியிலிருந்து கத்தியை எடுத்தாள், தட்டினாள், லாரிப் பக்கம் போனாள். அவர் "ஐயோ" என்று சொல்ல வாய் திறந்தது எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெருவிரல் தடிமன் கயிறு, ஒரே இழுப்பில் துண்டாகி மண்ணில் விழுந்தது.

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். லாரி கிளம்பி நாலடி போய் நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தங்கச்சியைக் கூப்பிட்டார். அவள் ஓடினாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு கேட்டார்:

"நல்லா வெட்டுதா தாயி?"